புயலுக்குப் பெயரிட்ட பிடிங்டன்

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வந்தெய்தியவுடன், சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்னுஞ் செய்தியை நாம் ஆண்டுதோறும் பத்திரிகைகளிற் படித்து வருகின்றோம். கண்ணுக்குப் புலனாகாத தொலைவில், நடுக்கடலிற் சுழன்றுகொண்டிருக்கும் ஒரு காற்றினைக் கரையிலிருப்போர் எங்ஙனம் அறிந்தனர் என்று ஆராய்வார் நம்முள் சிலரே. இக்காலத்தில் அவ்வறிவை நமக்கு அளிப்பன வானத்திற் சுற்றும் செயற்கைக் கோள்களும், துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் அமைந்த ராடாருமாம். இவை தோன்றுவதற்கு நூறாண்டுகட்கு முன்னரே, கல்கத்தாவில் மேசைமுன் அமர்ந்து, பிறர் எழுதிவைத்த கப்பற் குறிப்புகளையே துணையாகக் கொண்டு, தாம் காணாத புயல்களின் உருவத்தையும் அவை சென்ற வழியையும் வரைந்து காட்டிய ஒருவர் இருந்தார். ஆங்கிலத்திற் சுழற்புயலுக்கு வழங்கும் சைக்லோன் என்னும் பெயரும் அவர் இட்டதே. ஹென்றி பிடிங்டன் என்னும் அப்பெரியாரின் சரித்திரத்தை நம் கலாசாலைச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு ஒருவாறு எழுதப் புகுகின்றோம்.

அதற்குமுன் நம் கடற்கரையின் பழைய நிலையைச் சிறிது கூறுதல் வேண்டும். சென்னைக்கு அந்நாளில் துறைமுகம் கிடையாது. பெயரளவில் துறை, உண்மையில் திறந்த கடல். கப்பல்கள் கரைக்கு அப்பால், அலையடிப்பைத் தாண்டி நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்குகளையும் கரைசேர்ப்பவை, ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள். அவற்றைச் செலுத்திய படகுக்காரர்களின் வாசத்தலம் இராயபுரம். 1829-ஆம் வருஷத்தில் அவர்கள் எழுப்பிய அர்ச். இராயப்பர் ஆலயம் இன்றும் அங்கே நிற்பதை நம் மாணாக்கரிற் பலர் கண்டிருப்பர். காற்றுக் கடுமையாய் எழுந்தால் படகுகளைக் கரையில் இழுத்துப் போடலாம். கப்பல்களுக்கோ ஒரே வழிதான் உண்டு. நங்கூரத்தைக் கைவிட்டுக் கயிற்றை அவிழ்த்து நடுக்கடலுக்கு ஓடிவிடவேண்டும். தங்கிய கப்பல் மணலில் மோதிச் சிதறும். எனவே ஓடுங் காலத்தை அறிதலே உயிர் பிழைக்கும் வழியாயிருந்தது. அக்டோபர் மாத நடுவிலிருந்து டிசம்பர் மாத நடுவரையில் கோட்டைக் கொடிமரத்தை இறக்கி வைத்துவிடுவதும், அக்காலத்தே இத்துறையில் நிற்பது கப்பல்களுக்குத் தகாதென்று உணர்த்துவதும் வழக்கமாயிருந்தன.

இக்காற்றினால் முதலிற் பெருநஷ்டம் அடைந்து, முதலில் இதனை ஆராயவும் தலைப்பட்டவர்கள் வணிகரல்லர், படைவீரரே என்பது குறிக்கத்தக்கது. 1746-இல் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்துச் சில வாரங்களே சென்றிருந்தன. அக்டோபர் மாதத்தில் ஓரிரவு வீசிய புயல் அவர் கப்பற்படையின் பெரும்பகுதியை ஆயிரவருக்கு மேற்பட்ட ஆட்களோடு அழித்தது. ஆங்கிலேயர் பீரங்கிகளாற் செய்யமாட்டாததைக் காற்று செய்தது. 1761-ஆம் வருஷப் பிறப்பன்று அதே காற்று கட்சி மாறியது போலும்; புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயர் கப்பல்கள் பல அன்று அழிந்தன, அவற்றோடு ஆயிரவர் மாண்டனர். இத்தகைய நஷ்டங்களை எண்ணிப் பார்த்தவர் கர்னல் ஜேம்ஸ் காப்பர் என்பவர். இவர் சோழமண்டலக் கரையிலே கும்பெனிப் பட்டாளத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் உத்தியோகத்திலிருந்தவர். புதுச்சேரியிலும் சென்னையிலும் அடித்த புயல்களின் விவரங்களை ஒப்பிட்டு, இவை நேர்வழி ஓடுங் காற்றுகளல்ல, சுழல்காற்றுகளே என்றும், இவற்றின் குறுக்களவு 120 மைலுக்கு மேற்படாதென்றும் 1801-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். கணக்கர் ஒருவர் காற்றுக்குக் கணக்கிட்டது நயமே. ஆயினும் அந்நூலைப் பொருட்படுத்தியவர் அந்நாளில் மிகச் சிலர்.

அந்நூல் வெளிவந்தபோது பிடிங்டன் நான்கு வயதுக் குழந்தை. அவர் 1797-ஆம் வருஷத்தில் இங்கிலாந்து தேசத்து ஸஸ்ஸெக்ஸ் மாகாணத்திலுள்ள அக்ஃபீல்ட் என்னும் ஊரிற் பிறந்தார். வணிகக் கப்பலே அவருக்குப் பள்ளியாயிற்று. கீழ்நாடுகளுக்கும் சீனத்துக்கும் செல்லும் வியாபாரத்தில் ஈடுபட்டுக் கப்பற்றலைவர் பதவியையும் அடைந்தார். ஏறக்குறைய 1830-இல் கடலை விட்டிறங்கி வங்காளத்தில் நிலையாக வசிக்கலானார். கடலை விட்ட மாலுமி கரையில் என்ன செய்வார்? பிடிங்டன் செய்யாதது இன்னதென்று கூறுதல் அரிது. 1832-இல் இந்தியச் செடிகொடிகளின் பெயர்களுக்கு ஓர் அகராதி வெளியிட்டார். வேளாண்மைச் சங்கத்திற் பிறநாட்டுக் கடிதங்களை எழுதினார். வங்காள ஆசியக் கழகத்தின் உபகாரியதரிசியாய் அமர்ந்தார். கல்கத்தாவில் ஏற்படுத்திய பொருளியல் நிலநூற் காட்சிச்சாலையின் காப்பாளராகி மண்ணையும் கல்லையும் சோதித்து வந்தார். இவ்வளவில் நின்றிருப்பாராயின், பழஞ் சஞ்சிகைகளின் மூலையிற் காணப்படும் நூறு பெயர்களுள் ஒன்றாகவே அவர் பெயரும் மறைந்திருக்கும்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது ஒரு புஸ்தகம். அமெரிக்காவில் வில்லியம் ரெட்ஃபீல்ட் என்னும் ஒருவர், குதிரைச் சேணம் செய்யுந் தொழிலிற் பயின்றவர், 1821-இல் அடித்த புயலுக்குப்பின் ஊர் ஊராய்ச் செல்லுகையில், ஓரிடத்தில் மரங்கள் ஒரு திசை நோக்கியும், வேறோரிடத்தில் அதற்கு எதிர்த்திசை நோக்கியும் விழுந்து கிடக்கக் கண்டார். காற்று சுழன்றதன்றி அங்ஙனம் நேர்தல் கூடாதென்று துணிந்து 1831-இல் எழுதினார். அதே 1831-இல் மேற்கிந்தியத் தீவாகிய பார்படோஸைப் பெரும்புயல் பாழாக்கிற்று. இடிந்த கட்டடங்களைத் திரும்ப எழுப்புமாறு ஆங்கிலேயப் படையின் பொறியாளராகிய வில்லியம் ரீட் என்பவர் அங்கே அனுப்பப்பட்டார். இடிந்ததைக் கட்டுவதற்குச் சென்ற அவ்வீரர், இடித்தது எதுவென்று ஆராய்ந்து, போர்க்கப்பல்களின் குறிப்புகளைத் திரட்டி, புயல்களின் விதியைப் பற்றி 1838-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அந்நூல் இந்தியாவை அடைந்து பிடிங்டன் கைக்கு வந்தது. அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு ரீட் செய்ததை வங்காள விரிகுடாவுக்குத் தாம் செய்வதென்று அவர் உறுதி கொண்டார்.

1839-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் வங்கக் கடலில் எழுந்த புயலே அவருடைய முதலாராய்ச்சிக்குப் பொருளாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் கோதாவரி முகத்துவாரத்தை அடுத்த கோரிங்கா என்னும் துறையைப் புயலும் அதனோடெழுந்த கடலும் சேர்ந்து அழித்தன. கப்பல்களும் குடிகளும் எண்ணிறந்தன மாண்டன. அதுவே இரண்டாம் ஆராய்ச்சியாயிற்று. பின்னர் ஏறக்குறையப் பதினாறு ஆண்டுகளுள் இருபதுக்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளை ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டு வந்தார். 1841-ஆம் வருஷம் மே மாதத்தில் நம் சென்னையில் அடித்த புயலும், 1842 அக்டோபரில் சென்னையிற் கரையேறித் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து அரபிக்கடலில் இறங்கிய புயலும் அவற்றுட் சேர்ந்தவை.

அவர் வேலை செய்த முறை எளிது. ஆனால் பொறுமையைச் சோதிப்பது. ஒவ்வொரு கப்பலிலும் மணிக்கு மணி காற்றின் திசை, வேகம், பாரமானியிற் பாதரசம் நின்ற அளவு, கப்பல் நின்ற இடம் ஆகியவற்றை எழுதும் நாட்குறிப்பு உண்டு. புயலில் அகப்பட்டுத் தப்பிய கப்பல் எத்துறையை அடைந்தாலும் அதன் குறிப்பைப் பெற்றுப் பிரதி செய்துகொள்வார். கப்பற்றலைவர்களுக்கு வினாத்தாள்கள் அனுப்புவார். பின்பு கடற்படத்தை விரித்து, ஒரே நாள், ஒரே நேரத்தில், வெவ்வேறிடத்தே நின்ற கப்பல்களுக்கு எத்திசைக் காற்று வீசியதென்று அம்புக்குறிகளிடுவார். ஒரு கப்பலுக்கு வாடை, நூறு மைல் தெற்கேயிருந்த கப்பலுக்கு கோடை, கிழக்கேயிருந்ததற்குத் தென்றல். தனித்தனியே பார்த்தால் ஒன்றோடொன்று மாறுபடும் சாட்சியங்கள். படத்தின்மேல் வைத்தவுடன் ஒரு சுழிக்கு உட்பட்டனவாய் இணங்கி நிற்கும். அதன் நடுவைக் குறிப்பார். மறுநாளைய நடுவையும் குறிப்பார். இரண்டையும் இணைத்த கோடு புயல் சென்ற வழி.

இவ்வேலையிற் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1839 முதல் நம் துறையின் மாஸ்டர் அட்டெண்டண்டாக, அதாவது துறைக்கு வரும் கப்பல்களுக்கெல்லாம் அதிகாரியாக, இருந்தவர் காப்டன் கிறிஸ்டோபர் பிடன் என்பவர். தாமே நெடுங்காலம் கும்பெனிக் கப்பல்களிற் பயின்றவராதலின், பிடிங்டன் கேட்ட குறிப்புகளின் அருமையை உணர்ந்து சென்னைக்கு வந்த கப்பல்களின் விவரங்களைத் திரட்டிக் கல்கத்தாவுக்கு அனுப்பி உதவினார். தந்திக் கம்பி அந்நாளில் இல்லை. தபாலும் கப்பலுமே கடிதங்களைச் சுமந்தன. புயலடித்துப் பல மாதங்கள் சென்ற பின்னரே அதன் உருவம் கல்கத்தாவில் தெளிவாகும். ஆகவே வரும் புயலை முன்னறிவித்தல் பிடிங்டனால் இயலாததாயிற்று. கடந்த புயல்களினின்று ஒரு விதியைக் கண்டு, அதனைக் கப்பற்றலைவன் கையிற் கொடுத்துவிடுதலே அவருக்கு இயன்றது.

அவ்விதியை நம் கடற்கரையில் நின்றே விளக்கலாம். பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல் இடஞ்சுழியாகச் சுழல்கின்றது. எனவே வீசுங் காற்றுக்கு எதிரே முகம் வைத்து நின்றால் அதன் நடு நம் வலக்கைப் புறத்தில் இருக்கும். இராயபுரத்து மணலில் வாடை கடுத்து வீச, பாரமானி இறங்குமானால், வடக்கு நோக்கி நிற்பவனுக்கு வலக்கை கிழக்கு. புயல் கிழக்கே கடலில் உளது. வாடை மெல்லக் கொண்டலாகத் திரும்பினால் புயல் நமக்குத் தெற்கே கடந்து செல்கின்றது. வாடை கோடையாகத் திரும்பினால் வடக்கே, எண்ணூர், பழவேற்காடு பக்கமாய்ச் செல்கின்றது. திசை சிறிதும் மாறாது காற்று வலுக்க, பாரமானியும் விடாது இறங்குமேல், நடு நம்மை நோக்கி நேரே வருகின்றதென்று அறிதல் வேண்டும். நாளும் பாரமானியும் காற்றுத் திசையுமே போதும், புயலைக் காணவேண்டுவதில்லை. தொலைவிலுள்ளதைத் தொடாமலே உணரும் கலையென்று இன்று நாம் சொல்லுவதற்கு இது தொடக்கமென்பதில் நமக்கு ஐயமில்லை.

இவ்விதியை எண்ணிப் பார்க்கும் நிதானம் புயலிடையே மாலுமிக்கு எங்ஙனம் வரும்? பாய்கள் கிழிகின்றன, தளத்தின்மேல் கடல் ஏறுகின்றது. தாமே கப்பலைச் செலுத்தியவராதலின் பிடிங்டன் இதனை நன்கறிந்திருந்தார். ஆகவே 1848-இல் இலண்டனில் வெளியிட்ட தமது பெருநூலின் உறையில் இரண்டு மெல்லிய தகடுகளை வைத்துக் கொடுத்தார். மாட்டுக் கொம்பைச் சீவிப் பதப்படுத்திய, கண்ணாடிபோல் ஊடுருவத் தெரியும் தகடுகள் அவை. ஒன்று வடபாதிக் கோளத்துக்கு, மற்றது தென்பாதிக்கு. ஒவ்வொன்றின்மேலும் வட்டங்களும் காற்றின் அம்புக்குறிகளும் வரையப்பட்டிருந்தன. தகட்டைக் கடற்படத்தின்மேல் வைத்து, தனக்கு வீசுங் காற்றின் குறி தன் கப்பல் நிற்குமிடத்தின்மேல் வருமாறு நகர்த்தினால், தகட்டின் மையமே புயலின் நடு. எப்பக்கம் ஓடலாம், எப்பக்கம் ஓடலாகாது என்பது அந்நொடியே புலப்படும். அந்நாளில் ஆங்கிலப் பிள்ளைகளின் அரிச்சுவடித் தாளை அழுக்குப் படாதபடி கொம்புத் தகட்டால் மூடி வைத்தலுண்டு. அதற்குக் கொம்புப் புஸ்தகம் என்று பெயர். பிடிங்டன் தமது நூலுக்கும் மாலுமியின் கொம்புப் புஸ்தகம் என்றே பெயரிட்டார். அரிச்சுவடி என்ற பணிவும், கொம்புத் தகடு உள்ளே இருக்கின்றது என்ற குறிப்பும் ஒருங்கே அமைந்த பெயர் இது.

அந்நூலிலேதான் சைக்லோன் என்னுஞ் சொல் முதன்முதல் வழங்கிற்று. அச்சொல் பிறந்த வரலாறு இனியது. 1845 பிப்ரவரியில் மொரீஷியஸ் தீவினின்று மஸ்கட்டுக்குப் புறப்பட்ட சார்லஸ் ஹெடில் என்னும் கப்பல் புயலில் அகப்பட்டுக் காற்றின் போக்கிலேயே ஓடியது. ஐந்து நாள் ஓடியது. 1300 மைலுக்குக் குறையாமல் கடந்தது. காற்று ஓய்ந்தபின் கணக்கிட்டுப் பார்க்க, புறப்பட்ட இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் தூரம் அதில் மூன்றிலொரு பங்குதானும் இல்லை. செக்குமாடுபோல் புயலின் நடுவை ஐந்து முறை சுற்றியிருந்தது அக்கப்பல். அதன் குறிப்பைப் பெற்ற பிடிங்டன் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை என்றே நாம் கருதுகின்றோம். புயல் தன் கையாலேயே தன் உருவத்தை வரைந்து கொடுத்தது போன்றதன்றோ அது? பலவகைக் காற்றுகளுக்கும் மாலுமிகள் தத்தம் மனம் போனவாறு பெயரிட்டழைத்தமையால், நேரே வீசுவது எது, சுழல்வது எது என்பது குறிப்புகளிற் குழம்பிக் கிடந்தது. அப்போஸ்தலனாகிய பவுல் ஏறிய கப்பலை உடைத்த காற்றுக்கு வேதாகமம் யூரோக்கிலிதோன் என்று பெயர் கூறுகின்றது. அதன் வன்மை தெரிகின்றதேயன்றி, சுழன்றதா என்பது அப்பெயரால் விளங்கவில்லை. ஆகவே சுழலுங் காற்றுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு பெயர் வேண்டி, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்து அமைத்தார். வட்டம் என்னாது சுருள் என்றமையில் அவருடைய நுட்பம் விளங்கும். முழுவட்டமென்று தாம் நிரூபிக்காததை அவர் பெயரால் நிரூபிக்க விரும்பவில்லை.

ஆயினும் கொம்புத் தகட்டில் அவர் வரைந்தவை வட்டங்களே. புயற்காற்று உண்மையில் நடுவைச் சுற்றுவதோடு உள்நோக்கியும் சாய்ந்து வீசுகின்றது. அதனால் நடுவானது காற்றை எதிர்நோக்கி நிற்பவனுடைய வலக்கைக்கு நேரேயன்றிச் சற்றுப் பின்னே தள்ளியிருக்கும். மொரீஷியஸில் மெல்ட்ரம் முதலிய பின்னோர் இதனை வற்புறுத்தி எடுத்துக் காட்டினர். வட்டவிதியை அப்படியே நம்பி நடந்த சில கப்பல்கள் நடுவை அணுகியிருத்தல் கூடும். முன்னோடியின் குறையென்று இதனை ஒதுக்கலாம். அங்ஙனம் ஒதுக்க நம் மனம் இசையாத வேறொரு குறையும் உண்டு. பிடிங்டனின் நூல் ஆங்கிலம் படித்த, பாரமானி வைத்திருந்த, கப்பற்றலைவனுக்காக எழுதப்பட்டது. சென்னைத் துறையில் அக்கப்பல்களோடு தோணிகள் இருந்தன. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களினின்று கட்டுமரம் ஏறிச் சென்ற மீனவரும் இருந்தனர். புயற் குறிப்புகளில் இவர்கள் பெரும்பாலும் இத்தனை தோணி நஷ்டம் என்ற எண்ணாகவே தோன்றுகின்றனர். மேகத்தின் நிறத்தையும் அலையின் நடையையும் நீரோட்டத்தையும் கொண்டு காற்றறிந்தவர்களை வினவ ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்ட விதியைத் தமிழிலோ தெலுங்கிலோ அவர்க்கு எடுத்துச் சொல்லவும் தோன்றவில்லை. அக்காலத்து வழக்கம் அது என்பர். வழக்கமெனினும் மாண்டவர் மாண்டவரே.

இங்கே கதையை நிறுத்தி, பிடிங்டனுடைய தகடு பிற்காலத்தில் என்னவாயிற்று என்பதைக் கூறிவிடுகின்றோம். இரண்டாம் உலகப்போரில் பகைவர் விமானங்களைக் காணும்பொருட்டு அமைத்த ராடார்த் திரைகளில் மழைமேகங்களும் படிந்து தொல்லை கொடுத்தன. 1944 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை பிலிப்பைன் தீவுகளுக்குக் கிழக்கே ஒரு புயலுட் சென்று அகப்பட்டு மூன்று போர்க்கப்பல்களையும் ஏறக்குறைய 790 ஆட்களையும் இழந்தது. லபூர்தொனேக்கு நேர்ந்தது இருநூறாண்டு கழித்து மறுபடியும் நேர்ந்தது. அப்புயலின் சுருளுருவம் கப்பல் ராடார்த் திரையில் தெளிவாய்த் தென்பட்டது. தொல்லையென்று தள்ளிய மேகப்படிவமே பின்னர்த் தனிக்கலையாயிற்று. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் அமெரிக்கர் ஏவிய டைரோஸ் என்னும் செயற்கைக் கோள் மேகங்களை வானினின்று படமெடுத்தனுப்பியது. அத்திட்டமும் முதலிற் படைத்துறையில் தொடங்கிப் பின்னரே பொதுத்துறைக்கு மாற்றப்பட்டதாகும். பகைநாட்டை வேவுபார்க்கும் கோள்கள் மேகத்தைப் படமெடுத்து வீணாகாதபடி, எங்கே வானம் தெளிவாயுளது என்று முன்னதாக அறிய அந்நாட்டு விமானப்படை 1962 முதல் வேறு வானிலைக் கோள்களையும் மறைவாக இயக்கி வந்தது. 1970-களின் தொடக்கத்தில்தான் அம்மறைவு நீங்கிற்று. மேகத்தை ஊடுருவி அதன் கீழுள்ள மழையைக் காட்டும் நுண்ணலைக் கருவி 1987 முதல் அக்கோள்களிற் சென்றது. காப்பர், ரீட் முதலியோர் காலந்தொட்டுப் படைக்கும் காற்றுக்கும் உள்ள உறவு இங்ஙனம் நீண்டு வந்திருக்கின்றது.

நம் நாட்டுக்கு இன்ஸாட் வரிசைக் கோள்கள் 1983 முதல் மேகப்படங்களை அனுப்பி வந்துள்ளன. இப்படங்களினின்று புயலின் வன்மையை அளவிட 1970-களில் வெர்னான் டுவோராக் என்னும் அமெரிக்கர் ஒரு முறை வகுத்தார். அம்முறையில், சுருள்கோடு வரைந்த, ஊடுருவத் தெரியும் ஒரு தாளைப் படத்தின்மேல் வைத்து, மேகப்பட்டை நடுவை எவ்வளவு சுற்றியிருக்கின்றதென்று அளப்பர். கொம்புத் தகட்டின் பேரன் இத்தாள் என்று நாம் கூறினால் அது மிகையாகாது. வட்டம் போய்ச் சுருள் வந்தது, அவ்வளவே. நம் துறைமுகத்தருகே, இராஜாஜி சாலையிலுள்ள துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் 2002-இல் டாப்ளர் ராடார் நிறுவப்பட்டது. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரையேறியதை அது தொடர்ந்து காட்டிற்று. ஏறக்குறைய அவ்விடத்தை அடுத்த கரையில் நின்றுதான் பிடன் துரை தொலைநோக்கியோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

இனிப் பிடிங்டனின் இறுதிக் காலத்துக்கு வருவோம். கப்பற்சேதங்களை விசாரிக்குங் கல்கத்தா மன்றத்தின் தலைவராக அவர் அமர்த்தப்பட்டார். அப்போது கல்கத்தாவை அடையும் ஹூக்ளி நதி மண்மேடிட்டுத் தூர்ந்து வருகின்றதென்று வணிகர் அஞ்சினர். தென்கிழக்கே, சுந்தரவனக் காடுகளிடையே, மாத்லா நதிக்கரையில் புதியதொரு துறைமுகம் அமைப்பதென்று பேச்செழுந்தது. சிங்கப்பூருக்கு நிகராய் விளங்கும் என்றனர். பிடிங்டன் அவ்விடத்தைப் பற்றி அறிந்திருந்தார். கோரிங்காவைக் கடல் விழுங்கியதையும் ஆராய்ந்திருந்தார். 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌஸி பிரபுவுக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதி அச்சிட்டார். புயலிற் காற்றைவிடக் கொடியது அதனோடு ஏறிவரும் கடல் என்றும், என்றேனும் ஒருநாள் உப்புநீர் மலைபோற் புரண்டுவந்து அக்குடியிருப்பு முழுவதையும் 5 முதல் 15 அடி ஆழத்துக்கு மூழ்கடிக்கும் என்றும், வேறிடம் தேடுதலே நன்றென்றும் அதில் விளக்கினார்.

உத்தியோகத்துக்காகவன்றி, ஒருவரும் கேளாதிருக்கவே அவர் இதனை எழுதினார் என்பது நினைக்கத்தக்கது. அரசாங்கம் செவிசாய்க்கவில்லை. நிலம் வாங்கப்பட்டது, திட்டம் வளர்ந்தது. அடுத்து வந்த கவர்னர் ஜெனரலாகிய கானிங் பிரபுவின் பெயரால் அத்துறைமுகம் கானிங் துறை எனப்பட்டது. கிழத்தனமான பயமென்று அக்கடிதத்தைச் சிலர் கருதியிருக்கலாம். அவருடைய வயதோ அப்போது ஐம்பத்தாறுதான்.

1858 ஏப்ரல் மாதத்திற் பிடிங்டன் கல்கத்தாவில் காலமானார். சென்னையிற் காப்டன் பிடனும் அதே வருஷத்தில் இறந்தார். முப்பது வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக இந்நாட்டில் வாழ்ந்த பிடிங்டன் தம் சொல் ஒன்று உலகமுழுதும் வழங்கப்போவதை முற்றும் கண்டாரில்லை. தம் கடிதத்தின் முடிவையும் கண்டாரில்லை. ஆறாண்டு கழித்து, 1864 அக்டோபர் 5-ஆம் நாள் அடித்த புயலில் ஹூக்ளி முகத்துவாரத்தில் ஏறக்குறைய 60,000 பேர் மாண்டனர். அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்திலும் பல்லாயிரவர் கடலுக்கு இரையாயினர். அதன்பின்னரே தந்திமூலம் புயலெச்சரிக்கை செய்யும் ஏற்பாடு 1865-இற் கல்கத்தாத் துறைக்கு உண்டாயிற்று. சென்னைத் துறையில் 1872 மே மாதத்துப் புயல் பல கப்பல்களை மணலில் எறிந்தது. 1875-இல் இந்திய வானிலை ஆராய்ச்சித் துறை நிறுவப்பெற்றது. 1881 நவம்பரில், கட்டி முடியுந் தறுவாயிலிருந்த நம் புதிய துறைமுகத்தின் சுவர்களைக் கடல் மோதிச் சரித்தது. அதனைத் திரும்பக் கட்டுவதற்கு மேலும் பல்லாண்டுகள் சென்றன.

கானிங் துறையோ 1860-களிற் செழித்தது. கல்கத்தாவினின்று இருப்புப்பாதை போடப்பட்டது. படகுத்துறைகளும் பண்டகசாலைகளும் எழுந்தன. கம்பெனிப் பங்குகளைப் போட்டியிட்டு வாங்கினர். 1867 நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஓரிரவு புயலடித்தது. அதனோடு ஏறிய கடல்நீர் ஊர்முழுதும் ஏறக்குறைய ஆறடி உயரம் பரவி, துறைகளையும் கட்டடங்களையும் சிதைத்து மீண்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அரசாங்கம் அத்துறைமுகத்தைக் கைவிட்டது.